பராமரிப்பு நாள்

கரண்ட் இருந்தால் வெளிச்சம் இருக்கும்,
கூடவே கம்ப்ரசர் இரையும்.
கரண்ட் போனால் ஊசி விழுந்தாலும் கேட்கும்,
ஆனால் முகம் தெரியாது.
ஐஸ் பிளாண்டுக்கு ஜன்னல் வைப்பதில்லை.
ரூபவதியிடம் முதல் நாளே சொன்னேன்.
நோட்டில் குறித்துக்கொண்டாள்,
ஏதோ நான் யோசனை சொன்னதுபோல.

சிப்காட்டில் ஒரு லேபில்
ஏழு வருஷம் கழிவுநீரைச் சோதித்தவள்.
பி.எஃப். பணத்தை எடுத்துக்கொண்டு
கடலூர் முதுநகர்த் துறைமுகத்துக்கு வந்து
படம் எடுக்கப்போகிறேன் என்றாள்.
குறும்படமா என்றேன்.
முழுப்படம் என்றாள், கொஞ்சம் கோபமாக.

கேமரா திருப்பாதிரிப்புலியூர் சம்சுதீனுடையது.
முகூர்த்த நாளில் அது கல்யாணத்துக்குப் போய்விடும்.
ஆகவே ஆடியில் பாதி, மார்கழியில் கொஞ்சம்,
மறுபடி ஓர் ஆடி.
ஊரில் மேளம் கொட்டாத நாளிலெல்லாம்
எங்கள் கதை நடந்தது.
வாசலில் செருப்பைக் கழற்றிய பையன்
உள்ளே வந்து சேர்வதற்குள்
குரல் உடைந்து மீசை அரும்பிவிட்டது.

கதை பெரிதில்லை.
செத்துப்போன புருஷனின் பாக்கிச் சம்பளம் கேட்டு
ஒருத்தி ஐஸ் பிளாண்டுக்கு வருகிறாள்.
மறுபடி வருகிறாள்.
ஏலக்கூடத்தில் நண்டு விற்கிற ஸ்டெல்லா மேரிதான் அவள்.
சூப்பர்வைசராக நான்;
பதினாலு வருஷமாக அதே வேலை என்பதால்
நடிக்க வேண்டாம், இருந்தால் போதும் என்றாள்.
எனக்கு ஒரே வசனம்:
நாளைக்கு வாம்மா.

பத்தொன்பது தடவை சொன்னேன்.
இன்னும் கொஞ்சம் அன்பா சொல்லுங்க.
அன்பாகச் சொன்னேன்.
ஐயோ, இதுதான் பயமா இருக்கு, இதையே வெச்சுக்கலாம்.
அன்று சாயங்காலம் அட்வான்ஸ் கேட்டு
அஞ்சாபுலி வந்து நின்றான்.
வாயைத் திறந்தேன்.
எந்தக் குரலில் சொல்வதென்று தெரியவில்லை.
என் பர்ஸிலிருந்து ஐநூறு கொடுத்தனுப்பினேன்.

வெளிச்சத்தில் எடுத்த முகங்கள் ஒன்றும் பேசாது.
பேச்செல்லாம் மின்வாரியத்தின் பராமரிப்பு நாளில்,
காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை,
இருட்டில்.
வெளியூர் விழாவொன்றில் ஒருவர்
இருளையே மொழியாக்கியிருக்கிறீர்கள் என்று
மைக்கை விடாமல் பேசினாராம்.
மாசத்துக்கு ஒரு நாள் ஷட்டவுன் சார், என்றாளாம் இவள்.
அதையும் அவர் உவமையாக எடுத்துக்கொண்டார்.

எங்கள் ஊரில் ஏலக்கூடத்தில்தான் போட்டோம்.
இரண்டு மூங்கில், ஒரு வெள்ளைத் தார்ப்பாய்.
காற்றடித்தால் திரையில் ஸ்டெல்லாவின் கன்னம் உப்பியது;
தரையில் இருந்த ஸ்டெல்லா எழுந்து போய்க்
கயிற்றை இறுக்கிக் கட்டினாள்.
முதல் இருட்டு வந்ததும்
ஃபியூஸ் போச்சுடா, மெயினைப் பாரு என்று எவனோ கத்த,
இரண்டு பேர் ஓடியேவிட்டார்கள்.
அப்போது தார்ப்பாய்க்குள்ளிருந்து என் குரல்,
அவ்வளவு அன்பாக.
யாரும் சிரிக்கவில்லை.
பின்னாலிருந்து ஒருத்தி
த்தூ என்றாள்.

எழுத்து ஓடும்போது என் பெயர்
குணபூசணம் என்று வந்தது.
குணபூஷணம் என்றேன்.
அடுத்த படத்துல திருத்திடலாம் என்றாள்,
கையில் பஸ்ஸுக்குச் சில்லறை எண்ணிக்கொண்டே.

ஒன்று விட்டுப்போயிற்று.
ஏலக்கூடத்துக்கும் எங்களுக்கும் ஒரே சுவர்.
பேச்சு கேட்க வேண்டுமே என்று
படம் முடியும்வரை கிரஷரை நிறுத்தியிருந்தேன்.
போட்டுக்காகத் தொட்டியிலிருந்து எடுத்த ஐஸ் பார்கள்
சிமெண்டுத் தரையில் வியர்த்துக் கிடந்தன.
மறுநாள் பேரேட்டைத் திறந்து
கரைந்து வீண், ஒன்றரை பார் என்று எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தில்
பராமரிப்பு என்று எழுதி,
அடித்துவிட்டு,
படம்.